மான் கறியும் கம்பளிப் பையும்

ஃப்ரீசரின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு மறுபடி மூடினாளே ட்வைலா, அந்த இடத்தில்தான் போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம். உள்ளே இம்மி இடமில்லை. அவள் புருஷன் ராய்ஸ் வில்லோடு காட்டுக்குப் போய் அடித்துக்கொண்டு வந்த மான், பொட்டலம் பொட்டலமாக விளிம்பு வரை உட்கார்ந்திருந்தது. காகித ஆலை அவனை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியது வசந்தத்தில். வரப்போகும் குளிர்காலம் முழுக்க அந்த வீட்டுக்குச் சாப்பாடு அந்த மான்தான். அதை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கம்பளி நூலை உள்ளே வைக்க முடியுமா?

வைத்திருக்க வேண்டும். யார் வீட்டிலிருந்தோ வந்த பழைய கம்பளி எதுவானாலும் ஒரு வாரமாவது ஃப்ரீசரில் கிடந்து உறைந்த பிறகுதான் மற்ற நூலோடு சேர வேண்டும். அதில் அந்துப்பூச்சி இருந்தால் முட்டையோடு செத்துப்போகும். பின்னல் ஊசியைக் கையில் பிடித்த எல்லோருக்கும் இது தெரியும். ட்வைலாவுக்கு நன்றாகவே தெரியும். அவள் கொண்டுவந்த கறுப்புப் பையோ, செத்துப்போன ஓர் அம்மாளின் வீட்டுச் சாமான் விற்பனையில், சாயங்காலம் கடையைக் கட்டும் நேரத்தில், 'சும்மா எடுத்துட்டுப் போங்க' என்று கிடைத்தது. வாய் வரை நூல். அடியில் கொஞ்சம் மண் மாதிரி ஏதோ உதிர்ந்து கிடந்தது. அதை உதறி எறிந்தாள்.

'ஒண்ணும் இருக்காது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். நேற்று சாயங்காலம் நாத்தனார் லோர்னாவின் வேனில், விற்பனைக்குப் போகும் நூல் மூட்டைகளுக்கு நடுவில் அதையும் செருகிவிட்டாள். ராத்திரி முழுக்க அது அங்கேதான் இருந்தது.

இன்று சனிக்கிழமை. கம்பளித் திருவிழா.

விஸ்கான்சின் அக்டோபருக்கே உரிய குளிர், மாவட்டச் சந்தை மைதானத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. மாட்டுக் கொட்டகைகளையெல்லாம் கழுவிக் கடைகளாக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் ஆடுகள் கத்தின. இன்னொரு பக்கம் சீஸ் வறுவல் மணந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஸ்வெட்டர். இந்தத் திருவிழாவுக்கு வருகிறவள் புதிதாகத் தானே பின்னிய ஸ்வெட்டரோடுதான் வருவாள். போன வருஷத்து ஸ்வெட்டரைப் போட்டு வந்தால் யாரும் துரத்த மாட்டார்கள்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பழைய புடவையில் வந்த மாதிரி அவளுக்கே கூசும்.

ட்வைலாவும் புதுசுதான் போட்டிருந்தாள். சாம்பல் கலந்த நீலம், கழுத்தைச் சுற்றி மஞ்சள் இலைகள். முன்பின் தெரியாத ஒருத்தி நின்று அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். அங்கே அதுவும் வழக்கம்தான்.

"நீங்களே பின்னினதா? நூல் எந்தக் கடை?"

"பழைய துணிக் கடை," என்று சிரித்தாள் ட்வைலா. "பெரிய சைஸ் ஆம்பளை ஸ்வெட்டரா பார்த்து வாங்கணும். உள்பக்கம் தையலைப் பாருங்க. வெட்டித் தைச்சிருந்தா விட்டுடுங்க, பிரிச்சா துண்டு துண்டா வரும். வெட்டாம சேர்த்திருந்தா ஒரே இழையா வரும். துவைச்சு, அடியில ரெண்டு சூப் டின்னைக் கட்டித் தொங்கவிட்டா சுருக்கமெல்லாம் போயிடும்."

"அட, இது எனக்குத் தோணலையே."

"அதான பார்த்தேன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எவனோ ஒரு தடியனோட தொப்பை அந்த நூல்ல இன்னும் தெரியுதேன்னு."

ஆர்டிஸ் ஃபென்ஸ்கி. நகரத்துக்கு வெளியே ஏழெட்டு ஆடுகளோடு தனியாக இருக்கிற கிழவி. வருஷத்துக்கு ஒருமுறை ஆட்டு மயிரைக் கொண்டுவந்து இங்கே ஏலத்தில் விற்பாள். மீதி நேரமெல்லாம் யாரையாவது குத்திக்கொண்டே இருப்பாள். அவளுக்கும் குளிக்கிற பழக்கத்துக்கும் ஏதோ தீராத சண்டை என்று ஊரே பேசிக்கொள்ளும். ட்வைலாவுக்கு முகம் சுண்டிவிட்டது. கடைக்குத் திரும்பினாள்.

கடை லோர்னாவுடையது. ராய்ஸின் அக்கா. விவாகரத்துக்குப் பிறகு கொட்டகையில் அண்டாவைப் போட்டு நூலுக்குச் சாயம் ஏற்ற ஆரம்பித்தவள். இன்றைக்கு அவளுடைய நூல் சிட்டங்களைப் பார்க்கவே தனியாக ஒரு கூட்டம் வருகிறது. இந்த இரண்டு நாள் வியாபாரம்தான் அவளுக்கு அடுத்த கோடை வரைக்கும் சோறு. போன வாரம்தான் அவள் ட்வைலாவின் கையைப் பிடித்து, 'இந்தத் திருவிழா நல்லபடியா முடியட்டும், உன்னையும் தொழில்ல சேர்த்துக்கறேன்' என்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து ட்வைலாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டில் ஒரு சம்பளமாவது வரும். ராய்ஸின் முகத்தில் கொஞ்சம் உயிர் வரும்.

காசில்லாதவளுக்கு இந்தத் திருவிழாவில் இன்னொரு சொர்க்கமும் உண்டு. மாற்று மேசை. வீட்டில் மிஞ்சிய நூலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அதே அளவுக்கு வேறு நூலை எடுத்துக்கொள்ளலாம். காலையில் மைதானம் திறந்ததுமே ட்வைலா தன் கறுப்புப் பையோடு அங்கே போயிருந்தாள். மேசைக்குப் பொறுப்பு டாக்னி. திருவிழாக் குழுவில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"ஃப்ரீசர்ல வெச்சதுதானே?" என்று வழக்கம்போலக் கேட்டாள் டாக்னி.

"ஆமா," என்றாள் ட்வைலா.

ஒரே ஒரு சொல். டாக்னி பையை வாங்கி மற்றவர்களுடைய நூலோடு பெரிய மரப்பெட்டியில் கவிழ்த்தாள். ட்வைலா அதற்குப் பதிலாக அழகான சிவப்பு நூல் எடுத்துக்கொண்டு, ராய்ஸுக்குக் குல்லா பின்னலாம் என்று கணக்குப் போட்டபடி வந்தாள். அப்போது அவளுக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்துக் கடைக்காரி ஓடிவந்து லோர்னாவிடம் குனிந்து சொன்னாள்.

"மாற்று மேசையில அந்துப்பூச்சியாம். பெட்டியைக் கிளறினப்போ ரெண்டு பறந்துச்சாம். டாக்னி மேசையையே மூடிட்டா."



லோர்னாவின் கை, மடித்துக்கொண்டிருந்த சிட்டத்தின் மேல் அப்படியே நின்றது. "யார் கொண்டுவந்ததாம்?"

"வேற யாரு, ஆர்டிஸ்தான். காலையில அவளும் ஒரு பை நூல் குடுத்தாளாம். அவ கொட்டகையைப் பார்த்திருக்கியா? இனிமே இந்த மைதானத்துப் பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஏலத்துக்கு வெச்ச அவ மூட்டையையும் தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

அவள் போய்விட்டாள். ட்வைலா சிட்டங்களை அடுக்கினாள். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினாள். பை அடியில் உதிர்ந்து கிடந்த மண் கண் முன்னால் வந்து வந்து போனது. அது மண்தானா? பூச்சி தின்று போட்ட எச்சமும் அப்படித்தானே இருக்கும்?

"என்னடி ஆச்சு உனக்கு?" என்றாள் லோர்னா.

ட்வைலா அவளைக் கடைக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனாள். சொல்ல ஆரம்பித்ததும் முழுவதும் சொல்லிவிட்டாள். பை கிடைத்தது, ஃப்ரீசரில் மான் இருந்தது, டாக்னியிடம் 'ஆமா' என்றது, எல்லாம்.

லோர்னா திரை இடுக்கு வழியாகத் தன் சிட்டங்களை ஒருமுறை பார்த்தாள்.

"என் வேன்லயா வந்துச்சு அது?"

"ம்."

"என் நூல் பக்கத்துல."

"ம்."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல. என் வீட்ல ஃப்ரீசர் இல்லையா?"

"எத்தனைதான் லோர்னா உன்கிட்டயே கேட்கறது?" என்றாள் ட்வைலா. "கரண்டு பில்லுக்குக் கேட்டேன். கார் வித்த பிறகு எங்க போகணும்னாலும் உன்னைத்தான் கேட்கறேன். உள்ள வர சீட்டுகூட நீ குடுத்ததுதான். ஒரு பை நூலை வைக்கறதுக்கும் வந்து நிக்கணுமா?"

லோர்னா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாயம் ஏறிய விரல் நகங்கள் ஊதாவாக இருந்தன.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. பேசாம இரு."

"ஆர்டிஸைத் துரத்தறாங்க."

"அவ எந்த வருஷம் சண்டை போடாம போயிருக்கா? ரெண்டு நாள்ல மறந்துடுவா. நீ போய் வாயைத் திறந்தா என்ன ஆகும்னு தெரியுமா? என் கடையை மூடுவாங்க. இங்க இருக்கற ஒவ்வொரு சிட்டத்தையும் பையில போட்டுக் கட்டச் சொல்லுவாங்க. லோர்னா கடைன்னா பூச்சின்னு பேர் ஆயிடும். அந்தப் பேர் போகுமா, சொல்லு."

எத்தனையோ பேருக்கு 'முதல்ல ஃப்ரீசர்ல வை' என்று பாடம் எடுத்தவள் லோர்னா. அவள் வாயிலிருந்தே இது வந்தது. ட்வைலாவுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இன்னிக்குக் காலையிலயிருந்து வித்ததெல்லாம்?" என்று மெதுவாகக் கேட்டாள். "வாங்கிட்டுப் போனவங்க வீட்ல பரவினா?"

"போய் வியாபாரத்தைப் பாரு," என்று சொல்லிவிட்டு லோர்னா திரையை விலக்கிக்கொண்டு போனாள்.

ராய்ஸ் வந்தபோது கடையில் கூட்டம் குறைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் டிரக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். கையில் துணி சுற்றிய பானை. மான் கறியும் பீன்ஸும் போட்டு அவனே கொதிக்க வைத்தது. வேலை போன பிறகு அவன் இவ்வளவு நிமிர்ந்து நடந்து ட்வைலா பார்த்ததில்லை.

"சூடா இருக்கு, ட்வை. அக்காவையும் கூப்பிடு. காரம் கொஞ்சம் தூக்கலா போட்டிருக்கேன், மூக்கு ஒழுகும்."

ட்வைலா அவனை ஆட்டுக் கொட்டகை ஓரமாகக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னாள். அவன் பானையைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றான்.

"என்னைக் கேட்டிருந்தா நாலு பொட்டலத்தை எடுத்துப் பக்கத்து வீட்ல வெச்சிருப்பேனே."

"கேட்க மனசு வரலை."

"ஏன்?"

"இந்த வருஷம் நீ வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே சாமான் அதுதான், ராய்ஸ். அதை எடுத்து வெளிய வைன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

அவன் முகம் வாடியது. சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அது உண்மை.

"அக்கா பேசாம இருன்னுதான சொல்றா?" என்றான்.

"ம்."

"அவ சேர்த்துக்கறேன்னு சொன்னதெல்லாம் போயிடும்."

"தெரியும்."

"அந்தக் கிழவி உன்னைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை."

"இன்னிக்குக்கூடச் சொல்லலை. என் ஸ்வெட்டர்ல எவனோட தொப்பையோ தெரியுதாம்."

ராய்ஸுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியது. "நான் எது சொன்னாலும் நாளைக்கு அது என் தலையிலதான் விடியும். நீ எங்க போறியோ நானும் கூட வர்றேன். அவ்வளவுதான்."

குழுவின் கூடாரத்தில் ஆர்டிஸின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது.

"நான் உறைய வெச்சுதான் கொண்டுவந்தேன். எத்தனை தடவை சொல்றது? என் வீடு அழுக்கா இருந்தா பூச்சி என்னோடதுதான்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு?"

அவள் காலடியில் ஏலத்துக்கு வைத்திருந்த ஆட்டு மயிர் மூட்டைகள் கிடந்தன. ஒரு வருஷத்து உழைப்பு. யாரோ அவசரமாகத் தூக்கி எறிந்ததில் ஒன்றின் வாய் திறந்து, வெள்ளைச் சுருள்கள் வைக்கோலில் சிந்தியிருந்தன. ஆர்டிஸ் குனிந்து அதைப் பொறுக்கினாள். கத்திக்கொண்டே பொறுக்கினாள்.

ட்வைலா அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"டாக்னி, நான் காலையில கொண்டுவந்த பை. அதை நான் ஃப்ரீசர்ல வைக்கலை."

டாக்னி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"வெச்சேன்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன்."

ஆர்டிஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் என்ன ஓடியது என்று ட்வைலாவுக்குப் புரியவில்லை. நன்றி மாதிரி இல்லை.

"அந்தப் பை இங்க எதுல வந்துச்சு?" என்று கேட்டாள் டாக்னி.

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்தாள். திரும்பிப் பார்த்தால் கூடார வாசலில் லோர்னா. எப்போது வந்தாளோ தெரியவில்லை. நூல் அளக்கும் நாடா கழுத்தில் தொங்க, ட்வைலாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. சும்மா பார்த்தாள்.

"ராய்ஸோட கார்ல" என்று சொல்லலாம். கார் விற்றது இங்கே யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த நூலை வாங்கிப் போனவர்களின் வீடுகள் அவள் கண்ணுக்குத் தெரிந்தன. அலமாரிகள், பிள்ளைகளின் ஸ்வெட்டர்கள், அவளைப் போலவே யாராவது ஒருத்தி பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்த நூல்.

"லோர்னா வேன்ல," என்றாள் ட்வைலா. "அவ நூலோட சேர்ந்துதான் வந்துச்சு. அவளுக்குத் தெரியாது. இது என் தப்பு."

யாரும் உத்தரவு போடும் வரை லோர்னா காத்திருக்கவில்லை. நேராகக் கடைக்குப் போய், மாட்டியிருந்த சிட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைப் பையில் போட ஆரம்பித்தாள். பார்க்க வந்தவர்கள் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்கள். ஊதா, மஞ்சள், கருநீலம் எல்லாம் கறுப்புப் பைக்குள் போயின. ராய்ஸும் ட்வைலாவும் உதவிக்குப் போனார்கள். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நகர்ந்து இடம் விடவும் இல்லை.

கடைசிப் பையைக் கட்டுவதற்கு முன் அவள் ட்வைலாவைப் பார்த்தாள். கூடாரத்துக்குப் பிறகு முதல் முறையாகப் பேசினாள்.

"அந்தப் பை உங்க வீட்ல எங்க இருந்துச்சு?"

"என் துணி அலமாரியில."

"இது?" அவள் விரல் ட்வைலாவின் ஸ்வெட்டரைக் காட்டியது.

"இதுவும் அங்கதான்."

"கழட்டு."

கோடை முழுக்கப் பிரித்து, துவைத்து, தொங்கவிட்டுப் பின்னியது. ட்வைலா தலை வழியாக அதை உருவினாள். குளிர் சுரீரென்று கையில் ஏறியது. மஞ்சள் இலைகள் மேலே தெரிகிற மாதிரி மடித்துக் கொடுத்தாள். லோர்னா அதை வாங்கிப் பையில் திணித்து முடிச்சுப் போட்டாள்.

"எனக்கு இப்ப உன்கூட ஒரே வண்டியில உக்கார முடியாது," என்றாள். "தம்பியைக் கூட்டிட்டு எப்படியாவது வீட்டுக்குப் போ."

ராய்ஸ் தன் சட்டைக்கு மேல் போட்டிருந்த வேட்டைக் கோட்டைக் கழற்றி ட்வைலாவின் தோளில் போட்டுவிட்டு, லோர்னாவின் மூட்டைகளை வேனில் ஏற்றப் போனான்.

ட்வைலா கொட்டகைப் படியில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் பானை ஆறிக் கிடந்தது.

யாரோ வந்து எதிரே நின்றார்கள். ஆட்டு வாடை அடித்தது.

"எதுக்கு இந்தப் பெரிய மனுஷித்தனம்?" என்றாள் ஆர்டிஸ்.

"உங்களைத் தப்பாச் சொன்னாங்க. அதான்."

"உன் பையில பூச்சியை நீ பார்த்தியா?"

ட்வைலா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "பார்க்கலை. அடியில ஏதோ மண்ணு மாதிரி கிடந்துச்சு."

"மண்ணா இருந்திருக்கும்."

"என்ன சொல்றீங்க?"

ஆர்டிஸ் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் பார்த்தாள். மைதானத்தில் ஆட்கள் கலைய ஆரம்பித்திருந்தார்கள். அவள் குரல் தாழ்ந்தது. அவளுக்குத் தாழ்ந்த குரல் ஒன்று இருக்கிறது என்பதே ட்வைலாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"என் ஃப்ரீசர் கோடையிலயே செத்துப்போச்சு. புதுசு வாங்க வக்கில்லை. மேசைக்குக் குடுத்த நூலை நானும் உறைய வைக்கலை. போன வாரம் கொட்டகையில பூச்சி பறந்தது, என் கண்ணால பார்த்தேன்."

ட்வைலா எழுந்து நின்றுவிட்டாள். "வெச்சேன்னு அங்க அப்படிக் கத்தினீங்களே?"

"காலையில நீ என்ன சொன்ன?"

ட்வைலா மறுபடி படியிலேயே உட்கார்ந்தாள்.

"போய் டாக்னிகிட்ட சொல்லணும்னா சொல்லு," என்றாள் ஆர்டிஸ். அவள் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கிற அவசரத்தில் தன் மூட்டைகள் இருந்த பக்கம் திரும்பினாள். "நான் சொல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணுவேன். இப்பதான் என் மூட்டையை மறுபடி ஏலத்துல சேர்த்திருக்காங்க. அது விக்கலைன்னா பனிக்காலத்துல என் ஆட்டுக்கு வைக்கோல் இல்லை."

அவள் ஏலக் கொட்டகையை நோக்கி நடந்தாள். ட்வைலா லோர்னாவை நிறுத்த வாசல் பக்கம் ஓடினாள். ராய்ஸ் வெறுங்கையோடு திரும்பி வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், கறுப்புப் பைகளைக் கூரை வரை ஏற்றிக்கொண்டு, லோர்னாவின் வேன் அப்போதுதான் வாசலைத் தாண்டித் திரும்பியது.